ஆர்டிஎக்ஸ் 4060 பொருத்திய பிறகும் ஃபிரேம் உயரவில்லை: தடை எங்கே இருக்கிறது?

நொய்யல்வாசி

அனைவருக்கும் வணக்கம். 2021-ஆம் ஆண்டில் கிராபிக்ஸ் கார்டுகள் கடைகளில் கிடைக்காமலும், கிடைத்தவை உரிய விலைக்கு வெகு மேலே விற்கப்பட்டும் வந்தபோது, உள்ளேயே வேகா கிராபிக்ஸ் இருக்கிறது என்பதற்காக ரைசன் 5 5600ஜி பிராசசரை வாங்கி, பி450 சிப்செட் (மதர்போர்டின் இணைப்புகளைக் கையாளும் சில்லு) உள்ள மதர்போர்டில் என் கணினியை நானே கட்டினேன். கார்டை விலை இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது அப்போதைய திட்டம். இப்போது 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கிப் பொருத்தியிருக்கிறேன்.

சைபர்பங்க் 2077 விளையாட்டை 1080பி-யில், 'ஹை' அமைப்பில், ரே டிரேசிங்கும் டிஎல்எஸ்எஸ்ஸும் இல்லாமல் ஓட்டினால், விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) நொடிக்குச் சராசரியாக 45 ஃபிரேம் காட்டுகிறது. நெரிசலான சந்தைப் பகுதியில் அது 30-க்கும் கீழே இறங்கி, படம் திக்கித் திக்கி நகர்கிறது. அமைப்பை 'லோ' வரை குறைத்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வருகிறது என்பதுதான் எனக்குப் புரியாத இடம்.

மற்ற உறுப்புகள்: 16 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் ஒரே ஸ்டிக், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின் வழங்கி), 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் 11. என்விடியா டிரைவர் புதியது. விளையாடும்போது கார்டின் வெப்பம் 62 டிகிரியைத் தாண்டுவதில்லை. கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. கார்டிலேயே பழுதா, வேறெங்காவது கோளாறா என்பதை அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனைநிழல்

முதலில் ஒன்றை உறுதிப்படுத்துங்கள். மானிட்டரின் கேபிள் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் இருக்கிறதா? 5600ஜி இருப்பதால் மதர்போர்டின் துளையும் வேலை செய்யும். அங்கே செருகினாலும் விண்டோஸ் விளையாட்டைப் பெரிய கார்டில் வரையவைத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் உள் கிராபிக்ஸுக்கு நகலெடுத்துத் திரையில் காட்டிவிடும். ஆகவே படம் வருகிறது என்பது கேபிள் சரியான இடத்தில் இருப்பதற்குச் சான்றாகாது. அப்படியே விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு அது 60-லேயே நின்றுவிடுகிறது.

நொய்யல்வாசி

கேபிள் கார்டின் டிஸ்பிளேபோர்ட்டில்தான் இருக்கிறது. 144 ஹெர்ட்ஸும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாம்பிறை

என் கருத்தில் குறை பிராசசரிடம் இருக்கிறது. 5600ஜி-யும் 5600-உம் பெயரில் நெருக்கமாக இருந்தாலும் உள்ளே வேறானவை: 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) உண்டு, 5600ஜி-யில் 16 எம்பி மட்டுமே. விளையாட்டுகள் கேஷை மிகவும் நம்புகின்றன. அமைப்பைக் குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பிராசசர் மூச்சு வாங்குகிறது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் தேவையில்லை. உங்கள் ஏஎம்4 சாக்கெட்டிலேயே பொருந்தும் 5700எக்ஸ்3டி-யில் 96 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது. அதற்கு மாறிவிடுங்கள், கார்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

கல்லணை

மூன்றாம்பிறை சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். அமைப்பைக் குறைத்தும் எண் மாறவில்லை என்றால் கார்டின் வரையும் திறன் தடையல்ல என்பது உறுதி. ஆனால் அதிலிருந்து பிராசசர்தான் தடை என்ற முடிவுக்குத் தாவ முடியாது. பிராசசர், ரேம், இவற்றையும் கார்டையும் இணைக்கும் பாதை ஆகிய மூன்றில் எது தடையாக இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் பணம் செலவழிக்கும் முன் எது என்று அளந்து பார்த்துவிடலாம்; அளப்பதற்குச் செலவே இல்லை.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை அதனுடன் வரும் ரிவாட்டியூனரோடு நிறுவி, விளையாட்டின் மீதே எண்கள் தெரியுமாறு அமையுங்கள். கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், கார்டு இழுக்கும் வாட், விஆர்ஏஎம் (கார்டின் சொந்த நினைவகம்) அளவு, பிராசசரின் ஒவ்வொரு திரெட்டின் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடரின்) பயன்பாடு ஆகியவற்றைக் காட்டச் செய்யுங்கள். பிராசசரின் மொத்தச் சதவீதத்தை நம்ப வேண்டாம். 12 திரெட்டுகளில் ஒன்று மட்டும் நூறில் முட்டிக்கொண்டு நின்று மற்றவை குறைவாகவே உழைத்தால், மொத்தக் கணக்கு 30 அல்லது 40 சதவீதம்தான் காட்டும். ஆனால் விளையாட்டு அந்த ஒற்றைத் திரெட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

வாட் கணக்கை நான் சதவீதத்தைவிட அதிகம் மதிக்கிறேன். பயன்பாட்டுச் சதவீதம் கார்டில் ஏதோ ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு கடினமாக உழைத்தது என்பதைச் சொல்லாது. 4060-இன் மின் வரம்பு 115 வாட். முழு வேகத்தில் உழைக்கும் கார்டு அதை ஒட்டி நிற்கும். பாதி அளவே இழுத்தால், வேலை வந்து சேராமல் அது காத்திருக்கிறது என்று பொருள்.

கூடவே எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவு காட்டும் செயலியைத் திறந்துவைத்து, கார்டின் பகுதியில் 'பஸ் லோடு' (கார்டுக்குச் செல்லும் பாதை எவ்வளவு நிரம்பியிருக்கிறது) என்ற வரியைக் கவனியுங்கள். பலர் கண்டுகொள்ளாத வரி அது. உங்கள் வழக்கில் அதுதான் முக்கியமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட்டின் முதல் பக்கத்தில் 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற கட்டத்தில் இருப்பதையும் அப்படியே எழுதுங்கள். கடைசியாக, விளையாட்டை 720பி-யில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றிய கவலை வேண்டாம். இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதே 550 வாட்தான். எஸ்எம்பிஎஸ் தாங்காதபோது கணினி பெரும்பாலும் சுமையின் நடுவே அணைந்துவிடும் அல்லது மீண்டும் தொடங்கும். இப்படி ஒரே சீராக மெதுவாக ஓடாது. வெப்பமும் 62 டிகிரியில் இருக்கும்போது வேகக் குறைப்புக்கு இடமில்லை.

நொய்யல்வாசி

விரிவான விளக்கத்துக்கு நன்றி, கல்லணை ஐயா. அளந்தவற்றை எழுதுகிறேன். கார்டின் பயன்பாடு 50-க்கும் 60-க்கும் இடையே ஊசலாடுகிறது. வாட் 65-ஐச் சுற்றி நிற்கிறது. விஆர்ஏஎம் 6 ஜிபிக்குச் சற்று மேலே. மிக அதிகமாக உழைக்கும் திரெட்டும் 70 சதவீதத்தைத் தாண்டவில்லை. பஸ் லோடு மட்டும் 80-க்கு மேலேயே இருக்கிறது, சந்தைப் பகுதியில் இன்னும் உயர்கிறது. 720பி-யில் ஃபிரேம் ஒன்றிரண்டுதான் கூடியது. ஜிபியு-இசட்டின் அந்தக் கட்டத்தில் 'பிசிஐஇ எக்ஸ்8 4.0 @ எக்ஸ்4 1.1' என்று இருக்கிறது. 1.1 என்பதைப் பார்த்ததும் கார்டு பழுது என்றே தோன்றுகிறது.

கல்லணை

1.1 என்பதைக் கண்டு கலங்க வேண்டாம். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் படியுங்கள். வேகம் மாறலாம், ஆனால் எக்ஸ்4 என்ற அகலம், அதாவது நான்கு லேன் (தரவுத் தடம்), மாறாது என்று எதிர்பார்க்கிறேன், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நொய்யல்வாசி

ரெண்டர் டெஸ்ட் ஓடும்போது 'பிசிஐஇ எக்ஸ்8 4.0 @ எக்ஸ்4 2.0' என்று வருகிறது.

கல்லணை

தடை அங்கேதான் இருக்கிறது. உங்கள் கார்டு இரண்டாவது நீள ஸ்லாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பி450 மதர்போர்டுகளில் பிராசசருக்கு அருகே உள்ள மேல் ஸ்லாட் நேராகப் பிராசசரோடு இணைந்தது. கீழே அதே நீளத்தில் இருக்கும் இரண்டாவது ஸ்லாட் பெரும்பாலான பலகைகளில் சிப்செட்டின் வழியாக வருவது. அந்த சிப்செட் தரும் லேன்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) 2.0 வகையைச் சேர்ந்தவை, அவற்றிலும் நான்குதான் அந்த ஸ்லாட்டுக்குக் கிடைக்கும். துளையின் நீளத்தைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் நினைப்பது இயல்பே. மதர்போர்டின் கையேட்டில் ஸ்லாட்டுகள் பற்றிய பக்கத்தில் இது எழுதப்பட்டிருக்கும்.

எண்களாகப் பாருங்கள். 2.0-வில் ஒரு லேன் நொடிக்கு 500 எம்பி கடத்தும். நான்கு லேன் சேர்ந்தால் 2 ஜிபி. 3.0-வில் ஒரு லேன் ஏறக்குறைய 985 எம்பி. 4060 பயன்படுத்தும் எட்டு லேனுக்கு அது 7.9 ஜிபி ஆகிறது. அதாவது உங்கள் பலகையே தரக்கூடிய பாதையில் கால்வாசியில் கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அது மட்டுமன்று, சிப்செட் வழியாக வரும் தரவு சாட்டா டிரைவ், யுஎஸ்பி, நெட்வொர்க் ஆகியவற்றோடு பிராசசருக்குச் செல்லும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஏரி நிறைய நீர் இருந்தாலும் மதகின் அகலத்துக்கு மேல் வயலுக்குப் பாயாது. உங்கள் பிராசசரும் கார்டும் இரு பக்கத்திலும் காத்திருப்பது அதனால்தான்.

திறந்த உலக விளையாட்டுகளில் இது கூடுதலாக வெளிப்படுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் நகரத்துக்குள் நகர நகர, புதிய டெக்ஸ்சர்களும் வடிவத் தரவுகளும் ரேமிலிருந்து கார்டுக்கு இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கின்றன. இவற்றோடு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய கட்டளைகளும் அதே பாதையில்தான் போக வேண்டும். சந்தைப் பகுதியில் எண் சரிவதும், பஸ் லோடு ஏறுவதும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள்.

மூன்றாம்பிறை

ஒரு சந்தேகத்தை எழுப்ப வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-வுக்கும் 4.0-வுக்கும் இடையே விளையாட்டில் பெரிய வேறுபாடு இல்லை என்று பல மதிப்பாய்வுகளில் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, பாதை இவ்வளவு பாதிக்கும் என்பதை எப்படி ஏற்பது?

கல்லணை

நியாயமான கேள்வி. அந்த மதிப்பாய்வுகள் பெரும்பாலும் பதினாறு அல்லது எட்டு லேன் அகலத்தில் 3.0-வையும் 4.0-வையும் ஒப்பிடுகின்றன. அங்கே குறைந்த பக்கத்திலும் தேவைக்கு மேல் இடம் இருக்கிறது. ஆகவே வேறுபாடு சில சதவீதத்தில் முடிகிறது. தேவையைவிடப் பாதை குறுகிவிட்ட பிறகு கதை வேறு. 2022-இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை நினைத்துப் பாருங்கள். அதற்கு நான்கு லேன்தான். விஆர்ஏஎம்மும் 4 ஜிபிதான். 4.0 பலகையில் ஓரளவு ஓடிய அதே கார்டு, 3.0 பலகையில் சில விளையாட்டுகளில் வெகுவாகத் தளர்ந்ததைப் பலரும் அளந்து காட்டினார்கள். நொய்யல்வாசியின் இணைப்பு அதைவிடவும் ஒரு படி குறுகியது.

நொய்யல்வாசி, கார்டைக் கீழே பொருத்தியதற்கு ஏதேனும் காரணம் உண்டா? மேல் ஸ்லாட் உடைந்திருக்கிறதா?

நொய்யல்வாசி

உடையவில்லை. மேல் ஸ்லாட்டில் பொருத்தினால் கார்டு பிராசசர் கூலருக்கு மிக அருகில் வருகிறது. எங்கள் ஊரில் கோடையில் அறையே கொதிக்கும் என்பதால், காற்றுக்கு இடம் இருக்கட்டும் என்று கீழே பொருத்தினேன்.

கல்லணை

4060 அதிகம் சூடாகாத கார்டு. 115 வாட்டை மேல் ஸ்லாட்டிலிருந்தே கேபினெட்டின் மின்விசிறிகள் எளிதாக வெளியேற்றும். கணினியை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்கள். கார்டின் 8-பின் கேபிளைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் பூட்டை அழுத்திய பிறகே கார்டை இழுங்கள். பூட்டை மறந்து இழுத்தால் ஸ்லாட் உடையும். மேல் ஸ்லாட்டில் 'டிக்' என்று பூட்டு விழும் வரை அழுத்துங்கள்.

ஒரு வேண்டுகோள். இதை மட்டும் செய்து அளந்து, எண்ணை இங்கே எழுதுங்கள். ரேம் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன தந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

நொய்யல்வாசி

மாற்றிவிட்டேன். ரெண்டர் டெஸ்ட்டில் இப்போது 'எக்ஸ்8 3.0' என்று காட்டுகிறது. அதே பெஞ்ச்மார்க், அதே அமைப்பு: சராசரி 45-இலிருந்து 62-க்கு ஏறியிருக்கிறது. பஸ் லோடு 30-க்கும் கீழே இறங்கிவிட்டது. வெப்பம் 64 டிகிரி, அவ்வளவே. கார்டைத் திருப்பித் தரும் எண்ணத்தை விட்டுவிட்டேன்; மனம் லேசாகிவிட்டது. ஆனால் கார்டின் பயன்பாடு இன்னும் 75-ஐச் சுற்றியே நிற்கிறது. சந்தைப் பகுதியில் திக்கல் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. இப்போது ஒரு திரெட் 95-க்கு மேல் போவதையும் பார்க்கிறேன்.

கல்லணை

மகிழ்ச்சி. பாதை திறந்துவிட்டதால் அடுத்த தடை வெளியே வந்திருக்கிறது. இப்போதுதான் மூன்றாம்பிறை சுட்டிய 16 எம்பி கேஷ் பொருள் பெறுகிறது. கேஷ் சிறியதாக இருக்கும் பிராசசர் தேவையான தரவுக்காக அடிக்கடி ரேமிடம் போக வேண்டியிருக்கும். அந்த ரேம் மெதுவாக இருந்தால் திரெட் தரவுக்காகக் காத்திருக்கும் நேரமும் பயன்பாட்டுக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். 95 சதவீதம் என்று தெரிவதில் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு காத்திருப்பு என்று அந்த எண் பிரித்துக் காட்டாது. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தில் வேகம் என்னவென்று இருக்கிறது?

நொய்யல்வாசி

2400 என்று இருக்கிறது. ஸ்லாட்டுகள் நான்கில் ஒன்று பயன்பாட்டில் இருப்பதாகவும் காட்டுகிறது. சிபியு-இசட்டில் 1200 என்று வருகிறது. நான் வாங்கியது 3200 ரேம்தான். உறையிலும் அப்படியே அச்சிட்டிருக்கிறது.

கல்லணை

சிபியு-இசட் காட்டும் 1200-உம் டாஸ்க் மேனேஜரின் 2400-உம் ஒன்றுதான். டிடிஆர் வகை ஒரு துடிப்பில் இரு முறை தரவை அனுப்புவதால் இரட்டித்துச் சொல்கிறார்கள். 3200 என்பது அந்த ஸ்டிக்கில் எழுதிவைக்கப்பட்டிருக்கும் எக்ஸ்எம்பி அமைப்பின் வேகம். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) போய் அதை இயக்கும் வரை மதர்போர்டு பாதுகாப்பான இயல்பு வேகத்திலேயே ஓட்டும். பயாஸில் அது எக்ஸ்எம்பி, ஏ-எக்ஸ்எம்பி, டிஓசிபி என்று பலகைக்குப் பலகை வேறு பெயரில் இருக்கும்.

இங்கே இழப்பு இரண்டு வகையில் நேர்கிறது. 2400 வேகத்தில் ஒற்றைச் சேனல் (ஒரே ஸ்டிக்) தருவது நொடிக்கு 19.2 ஜிபி. 3200 வேகத்தில் இரட்டைச் சேனல் (இரண்டு ஸ்டிக்) தருவது 51.2 ஜிபி. போதாததற்கு, ரைசனின் உள் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் இயல்பாக ரேமின் துடிப்போடு சேர்ந்தே ஓடுகிறது. ரேம் 2400-இல் இருந்தால் அதுவும் 1200-இல் நிற்கும், 3200-க்குப் போனால் 1600-க்கு ஏறும். பிராசசரை மாற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் சரிசெய்யாமல் இருப்பது பொருளற்ற செலவு.

இன்று எக்ஸ்எம்பி-யை மட்டும் இயக்குங்கள். வாய்ப்புக் கிடைக்கும்போது அதே தயாரிப்பில், அதே வேகத்தில் இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கி, பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது துளைகளில் இரண்டையும் பொருத்துங்கள். வேறு தயாரிப்பின் ஸ்டிக்கையும் கலக்கலாம். ஆனால் 3200-இல் நிலைக்காமல் போக வாய்ப்புண்டு. அப்படி நேர்ந்தால் 2933-க்கு இறக்கி, மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிட்டுப் பிழை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பயாஸில் இருக்கும்போதே, உள் கிராபிக்ஸுக்கென்று முன்பு நீங்கள் ரேம் ஒதுக்கியிருந்தால் அதையும் மிகக் குறைந்த அளவுக்கு மாற்றிவிடுங்கள்; அந்த இடம் விண்டோஸுக்குத் திரும்பக் கிடைக்கும்.

சிற்றோடை

இழையின் நடுவே குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆனால் என் சிக்கலும் இதைச் சேர்ந்தது. என் கார்டு மேல் ஸ்லாட்டோடுதான் இணைந்திருக்கிறது. கண்ணாடி வழியே தெரிய வேண்டும் என்று ரைசர் கேபிளில் (ஸ்லாட்டை நீட்டிக்கும் கேபிள்) நிமிர்த்திப் பொருத்தியிருக்கிறேன். பலகையும் கார்டும் 4.0. சில நேரம் திரை கருத்துவிடுகிறது, சில நேரம் ஃபிரேம் பாதியாகிறது. டிரைவரை டிடியு என்ற நீக்கும் கருவி கொண்டு முழுவதும் நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை.

பனைநிழல்

உங்கள் ரைசர் கேபிள் 3.0-வுக்காகச் செய்யப்பட்டதாக இருக்கக்கூடும். 4.0 வேகத்தில் அதில் தரவுப் பிழைகள் நேரும்; பிழையான பொட்டலங்களை மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் சரியும், எல்லை மீறினால் திரை போய்விடும். பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை 'ஆட்டோ'விலிருந்து 'ஜென் 3'-க்கு மாற்றிப் பாருங்கள். அதோடு சிக்கல் நின்றுவிட்டால் கேபிள்தான் காரணம் என்பது தெளிவு. எட்டு அல்லது பதினாறு லேனில் 3.0 என்பது உங்களுக்குப் போதும். புதிய கேபிளுக்கு அவசரமில்லை.

நொய்யல்வாசி

எக்ஸ்எம்பி-யை இயக்கியதும் சராசரி 68 ஆனது. உள்ளூர்க் கடையிலேயே அதே தயாரிப்பின் இரண்டாவது ஸ்டிக் கிடைத்தது. பொருத்திய பிறகு 79. கார்டின் பயன்பாடு இப்போது 95-க்கு மேல், வாட் 110-ஐ ஒட்டி. எனக்கு மிகவும் நிறைவளிப்பது சராசரி அன்று. சந்தைப் பகுதியில் நடக்கும்போது படம் இழுபடாமல் ஓடுகிறது என்பதுதான். இந்த விளையாட்டில் இனிமேல் அமைப்பைக் குறைத்தால் ஃபிரேம் ஏறுகிறது.

ஆனால் கவுன்டர்-ஸ்டிரைக் 2-இல் எல்லாவற்றையும் 'லோ'வில் வைத்தாலும் கார்டின் பயன்பாடு 60-ஐத் தாண்டவில்லை. பஸ் லோடு மிகக் குறைவாகவே இருக்கிறது. புகைக்குண்டு வெடிக்கும் நேரத்தில் ஃபிரேம் 144-க்குக் கீழே இறங்குகிறது.

மூன்றாம்பிறை

பாதையை அளந்து பார்க்கச் சொன்ன கல்லணைக்கு நன்றி; நானும் இனி அந்த வரியைக் கவனிப்பேன். கவுன்டர்-ஸ்டிரைக் 2-இல் மிஞ்சியிருப்பது பிராசசரின் எல்லையா?

கல்லணை

ஆம், அங்கே உங்கள் பரிந்துரை முழுவதும் பொருந்துகிறது. ரேம் இரட்டைச் சேனலில் இருக்கிறது, பாதையில் நெரிசல் இல்லை, கார்டு ஓய்வாக இருக்கிறது. எஞ்சுவது பிராசசர் மட்டுமே. நொய்யல்வாசி பெரும்பாலும் இந்த விளையாட்டைத்தான் ஆடுகிறார் என்றால் பெரிய கேஷ் உள்ள பிராசசர் கண்கூடாகப் பயன் தரும். சைபர்பங்க்குக்காக மட்டும் என்றால் இப்போது தேவையில்லை, அங்கே கார்டு முழுவதுமாக உழைக்கிறது. மாற்ற முடிவுசெய்தால், பழைய பிராசசர் பொருத்தப்பட்டிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸோடு பி450 பலகை புதிய பிராசசரை அடையாளம் காணாமல் திரையே வராமல் போகலாம். புதிய பிராசசர் 4.0 ஆனாலும் உங்கள் பலகையின் ஸ்லாட் 3.0-விலேயே இருக்கும். அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டாம்.